மூணு நாள் அம்மா

அக்கா, தென்காசி வண்டியெல்லாம் இந்த வரிசையிலதானே வந்து நிக்கும்? நிச்சயமா? நான் மூணு பேர்கிட்ட கேட்டுட்டேன். அங்க டைம் ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, அவர் சொல்றார்: "வரும்போது வரும், நிக்கிற எடத்துல நிக்கும்." அப்படியே அவர் குரல் வந்துடுச்சு பார்த்தீங்களா? மூக்கை லேசா அடைச்சுக்கணும், கடைசிச் சொல்லை முழுங்கிடணும். அவ்வளவுதான், பெரிய வித்தை ஒண்ணுமில்ல.

கொஞ்சம் முன்னாடி அந்தத் தூணுக்குப் பின்னால நின்னு, "டீ காபி, டீ காபி, சமோசா சூடு"ன்னு சும்மா ஒரு சத்தம் விட்டேன். வண்டிக்குள்ள இருந்து ஒரு பெரியவர் கையை நீட்டி, "ஏ, ரெண்டு சமோசா கொண்டா"ங்கிறார். நிஜ டீக்காரர் என்னை முறைச்ச முறைப்பு இருக்கே! ஆனா ஓடிப்போய் அந்த ரெண்டு சமோசாவையும் வித்துட்டார். எனக்குக் கமிஷன் தரல.

சிரிக்கிறீங்க. அப்போ நல்லவங்கதான். உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? நீங்க எந்த ஊருக்கு? நாகர்கோவிலா? அது பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வரும்க்கா, ஒண்ணை விட்டா இன்னொண்ணு. உட்காருங்க. நான் நிக்கிறேன், என்னால உட்கார முடியல. நேத்து மத்தியானத்துல இருந்தே உட்கார முடியல.

விஷயம் இதுதான். ஒருத்தர், தன் பொண்டாட்டிகிட்ட சொல்றதா நினைச்சுக்கிட்டு, சில விஷயம் சொன்னார். கேட்டது பொண்டாட்டி இல்ல. நான். அதை நான் போய் அவங்ககிட்ட சொல்லலாமா, கூடாதா? அவங்க இப்போ வர்ற வண்டியிலதான் வர்றாங்க. வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி நான் முடிவு பண்ணியாகணும்.

சொன்னவர் எங்க அப்பா. வர்றவங்க எங்க அம்மா. நான் அல்லி, பதினொண்ணாம் வகுப்பு. இருங்க, அது மதுரை வண்டி.

எங்க அம்மா கதை எழுதுவாங்க. உலகம்மாள்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? பரவாயில்ல, எங்க தெருவுலயே கேள்விப்பட்டதில்ல. இதுவரைக்கும் பதினாறு சிறுகதை வந்திருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பத்திரிகையில. எழுத்தாளர்னதும் மேஜை, விளக்கு, புத்தக அலமாரின்னு நினைச்சுடாதீங்க. எங்க வீட்டுல எழுத்து நடக்கிற இடம் அடுப்படி. தினசரி காலண்டர் கிழிக்கிறோம்ல, அந்தத் தாளோட முதுகுலதான் எழுதுவாங்க. மிக்ஸிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் நடுவுல அந்த அளவு தாள்தான் கொள்ளும். ஒரு தாளுக்கு ஒரு பத்தி. எழுதினதைத் துணி கிளிப்புல மாட்டி அஞ்சறைப் பெட்டி மேல வச்சுடுவாங்க. கதை முழுக்கப் பெருங்காய வாசனையா இருக்கும். ஒரு தடவை பிரதி எடுக்க நேரமில்லாம அந்தத் தாளையே அனுப்பிட்டாங்க. பத்திரிகையில இருந்து பதில் வந்துச்சு: "கதை நன்று. ராசிபலன் பக்கம் எங்களிடம் ஏற்கெனவே உள்ளது."

நிஜமா! கடுதாசி இன்னும் இருக்கு.

இதுல என் வேலை என்னன்னா, கதையில யார் வாயைத் திறந்தாலும் முதல்ல நான் பேசிக் காட்டணும். அம்மா தேங்காய்ப் பால் பிழிஞ்சுக்கிட்டே, "ஏட்டி, கீரைக்காரி கோவப்பட்டா இதை எப்படிச் சொல்லுவா, சொல்லு"ன்னு கேப்பாங்க. நான் இடுப்புல கையை வச்சு, "வாங்குனா வாங்கு, இல்லன்னா கட்டைக் கீழ வையி, பூ கணக்கா கொண்டாந்திருக்கேன், போட்டுப் பிசையுத?"ன்னு விடுவேன். அம்மா ஈரக் கையைச் சேலையில துடைச்சுட்டு ஓடிப்போய் எழுதுவாங்க. கீரைக்காரி, ரேஷன் கடைக்காரர், பேங்க்ல டோக்கன் குடுக்கிற அம்மா, எதிர்வீட்டு மாமியோட நாய், எல்லாரும் என் வாயிலதான் பிறந்தாங்க. அப்பா குரலை மட்டும் அம்மா ஒரு நாளும் செய்யச் சொன்னதில்ல. ஏன்னு நானும் யோசிச்சதில்ல.

அந்தக் கதையெல்லாம் படிச்சிருக்கியான்னா கேக்கிறீங்க? நான் எதுக்குக்கா படிக்கணும்? எல்லாருமா பேசுறது நான்தானே.

இப்போ கேளுங்க. போன மாசம் அம்மாவுக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. குற்றாலத்துல மூணு நாள் சிறுகதை முகாம், இருபது எழுத்தாளருங்க, தங்குறது சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு, அவசியம் வரணும்னு. எழுத ஆரம்பிச்ச பதினாலு வருஷத்துல அம்மாவை ஒருத்தர் 'வாங்க'ன்னு கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அம்மா அதைப் படிச்சுட்டு வெங்காயம் நறுக்கினாங்க பாருங்க, மூணு பேர் இருக்கிற வீட்டுல நாப்பது பேருக்கு நறுக்கின மாதிரி.

சரியா முகாம் வர்ற வாரம் அப்பாவுக்குக் கண்ணு. தாலுகா ஆபீஸ்ல ரெக்கார்டு ரூம் அப்பாவுக்கு. ஒரு நாள் பழைய கட்டு ஒண்ணைத் தூக்கிட்டு நிமிர்ந்தா, ஒரு பக்கம் கறுப்புத் திரை விழுந்த மாதிரி இருக்குதுன்னார். விழித்திரை கிழிஞ்சு போச்சு. உடனே ஆபரேஷன். டாக்டர் கண்ணுக்குள்ள ஏதோ காத்து அடைச்சு, "பத்து நாள் குப்புறத்தான் படுக்கணும். முகம் தரையைப் பார்த்தே இருக்கணும். நிமிர்ந்தீங்க, நான் பொறுப்பில்ல"ன்னுட்டார். அது நல்ல குரல்க்கா, கரகரன்னு. வேணாம், இப்போ வேணாம்.

அதனால வீட்டுல ரெண்டு பெஞ்சை முன்னும் பின்னுமா போட்டு, நடுவுல ஒரு முகம் அளவுக்கு இடைவெளி விட்டு, அப்பாவைக் குப்புறப் போட்டிருக்கோம். நெத்தி ஒரு பெஞ்சுல, தாடை ஒரு பெஞ்சுல. நடுவுல முகம் தொங்கும். எந்திரிச்சு நடந்தாலும் குனிஞ்ச தலைதான். ஆபரேஷன் ஆனதுல இருந்து அவர் பார்த்ததெல்லாம் எங்க வீட்டுத் தரையும் ஒரு எறும்பு வரிசையும்தான்.

அம்மா போகலைன்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்பா தடுத்தாரான்னா, இல்ல. அவர் தடுக்கிற ஆளே இல்ல. என்ன கேட்டாலும் "உன் இஷ்டம்"பார். அந்த "உன் இஷ்ட"த்தைக் காதுல வாங்கிட்டு எந்த வண்டியிலயும் ஏற முடியாதுக்கா. அதனால அம்மா கேக்கவே இல்ல. 'வர இயலாமைக்கு வருந்துகிறேன்'னு காலண்டர் தாளுல எழுதி அஞ்சறைப் பெட்டி மேல வச்சிருந்தாங்க. நான் பார்த்துட்டேன்.

ஐடியா என்னோடதுதான். உங்களுக்கு அதுல சந்தேகமே வேண்டாம், முழுக்க என்னோடது.

"அம்மா, நீ போ. உன் குரல் இங்கயே இருக்கும்"னேன்.

"பைத்தியமா உனக்கு? மூணு நாள் எப்படிட்டி?"

"அப்பாவுக்குத் தரைதானே தெரியும்? காதுக்கு நீ வேணும், அவ்வளவுதானே? நீ அப்பாகிட்ட ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை வாக்கியம் பேசுத தெரியுமா? நான் எண்ணிட்டேன். பன்னெண்டு." விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். "காபி வச்சிருக்கேன். குளிச்சாச்சா. கொத்தமல்லி வாங்கியாரலையா. கேஸ் புக் பண்ணணும். அவளைக் கொஞ்சம் கண்டிங்க. சாப்பாடு எடுத்து வைக்கவா. இன்னுங் கொஞ்சம் வைக்கவா. மோர் வேணுமா. மாத்திரை போட்டாச்சா. ஃபேனைக் குறைக்கவா. கதவைச் சாத்தியாச்சா. பால்காரர் வந்தா எழுப்புங்க. போக, 'ம்' ஒரு ஏழு தினுசு. அவ்வளவுதாம்மா நீ. நான் கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சுடுவேன்."

நல்லா இருக்குல்ல ஜோக்? அம்மா சிரிக்கவே இல்ல. அப்புறம் பரண்ல இருந்து பையை எடுத்தாங்க. ஏன் சிரிக்கலைன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

வெள்ளிக்கிழமை காலையில முதல் வண்டிக்கு அம்மா போயாச்சு. இருங்க, இது எந்த வண்டி? சங்கரன்கோவில். சை.

முதல் நாள் எனக்குத் திருவிழாதான்க்கா. அடுப்படியில இருந்து அம்மா குரல்ல, "காபி வச்சிருக்கேன்." அங்கிருந்து அப்பா, "ம்." கொண்டு போய்க் கொடுக்கிறது நான், நானாவே. சொட்டு மருந்து விடுறதும் நான்தான். நடுநடுவே அடுப்படிக்கு ஓடிப்போய் என்னை நானே திட்டிக்கணும். "ஏட்டி அல்லி, லீவு விட்டா போனும் கையுமாத்தான் அலைவியா?" உடனே என் குரல்ல, "சும்மா இரும்மா, இப்பத்தான் எடுத்தேன்!" உடனே அம்மா, "எதிர்த்துப் பேசாத, வாயிலயே போடுவேன்!" ஒரு தடவை வேகத்துல ரெண்டு பேரும் ஒரே மூச்சுல பேசிட்டோம். அப்பாவுக்கு அப்போ பார்த்து இருமல் வந்துடுச்சு, பெஞ்சே குலுங்குற மாதிரி. நல்ல வேளை, அவர் காதுல விழல.

சாயங்காலம் அப்பா கேட்டார், "உலகு, அல்லியை எங்க காணோம்?"

நான் அம்மாவாத்தானே நிக்கிறேன். "டியூஷனுக்குப் போயிருக்கா"ன்னேன்.

"காலாண்டு லீவுலயா?"

"அவ மக்குல்லா. அவளுக்கு மட்டும் தனியா வச்சிருக்காங்க."

மறுபடியும் இருமல். குப்புறப் படுத்தா சளி தொண்டையில வந்து நிக்கும் போல.

சமையலா? அதையும் நான்தான். அம்மா எல்லாம் காலண்டர் தாளுல எழுதி வச்சுட்டுத்தான் போனாங்க. வெள்ளிக்கிழமை சொதி. பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, தேங்காய்ப் பால் மூணு தடவை எடுக்கணும். கெட்டிப் பாலைக் கடைசியில ஊத்தி, கொதிக்க விடாம இறக்கணும். 'கொதிக்க விடாதே'ன்னு ரெண்டு கோடு வேற போட்டிருந்தாங்க. நான் அந்தத் தாளோட மறுபக்கம் கன்னி ராசிக்கு என்ன போட்டிருக்குன்னு படிச்சேன். 'பொறுமை தேவை.' திரும்பிப் பார்த்தா கெட்டிப் பால் முதல்லயே போய், தளதளன்னு கொதிச்சு, திரிஞ்சு, வெள்ளையா பஞ்சு பஞ்சா மிதக்குது. பதட்டத்துல உப்பு ரெண்டு தடவை போட்டேன்னு நினைக்கிறேன். எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சரியாகும்னு நாலு பிழிஞ்சேன்.

அப்பா மடியில தட்டை வச்சு, குனிஞ்ச தலையோட சாப்பிட்டார். முழுசா. அப்புறம் சொல்றார்: "இன்னிக்குச் சொதி ரொம்ப நல்லா இருக்கு, உலகு."

பதினேழு வருஷத்துல எங்க அம்மா சமையலை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லக்கா. நல்லா இருக்குன்னும் சொன்னதில்ல, இல்லைன்னும் சொன்னதில்ல. நான் முதல் தடவை வச்சேன், பாராட்டு வாங்கிட்டேன். கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குதான் போல. இதுக்கு அம்மா என்ன பதில் சொல்வாங்கன்னு எனக்குத் தெரியல, பன்னெண்டுல அதுக்கு ஒண்ணும் இல்ல. "இன்னுங் கொஞ்சம் வைக்கவா?"ன்னேன். "வேண்டாம், வேண்டாம்"னு அவசரமா சொன்னார். எனக்கு மிச்சம் இருக்கட்டும்னு நினைச்சிருப்பார், பாவம்.

இதுவரைக்கும் எல்லாம் விளையாட்டுத்தான். நேத்துதான் வினை.

நேத்து மத்தியானம் மூணு மணி. வாசல்ல நின்னு, அம்மா குரல்ல, "காபி வச்சிருக்கேன்"னேன். "ம்" வரல. "உலகு, அங்கயே நில்லு"ன்னார். "உள்ள வர வேண்டாம்."

நான் நின்னேன்.

இப்போ நான் சொல்றதைத்தான்க்கா நீங்க கேக்கணும். அப்பா குரலை நான் இதுவரை செஞ்சதே இல்ல. செய்யுற அளவுக்கு அவர் பேசினதில்ல. நேத்திலிருந்து மனசுக்குள்ள ஓட்டி ஓட்டி இப்பத்தான் பிடிபட்டிருக்கு. மெதுவா இருக்கும். நடுவுல நடுவுல நிக்கும். மூச்சு தரையில பட்டுத் திரும்புற மாதிரி இருக்கும். கேளுங்க:

"நீ எதிர்ல வந்தா எனக்கு வராது. தரையைப் பார்த்துப் பேசுதது சௌகரியமா இருக்கு. உன் கதையெல்லாம் நான் படிச்சிருக்கேன், உலகு. எல்லாத்தையும். புஸ்தகம் வந்ததும் நீ மேஜை மேல கொண்டு வைப்ப. நான் தொட மாட்டேன். மறுநாள் ஆபீஸ் போற வழியில, ஜங்ஷன்ல தனியா ஒண்ணு வாங்கிருவேன். மத்தியானம் ரெக்கார்டு ரூமுல உக்காந்து படிப்பேன். எண்பத்தேழாம் வருஷத்துப் பட்டாக் கட்டுக்குப் பின்னால வச்சிருக்கேன், பதினாறும் இருக்கு.

"எல்லாக் கதையிலயும் ஒரு புருஷன்காரன் வாரான். பேப்பர் படிச்சுக்கிட்டே சாப்பிடுதான். பேச மாட்டேங்கான். 'அவர்', 'அவர்'னே எழுதுத. ஒரு கதையிலயாவது அவனுக்கு ஒரு பேரு கிடையாது. கீரைக்காரிக்குப் பேரு இருக்கு. எதிர்வீட்டு நாய்க்குப் பேரு இருக்கு. போன கதையில அவனைக் கொன்னுட்ட. மூணாவது பத்தியிலயே. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னையே பார்த்துக்கிட்டு நின்னேன். நீ 'கொத்தமல்லி வாங்கியாரலையா'ன்னு கேட்ட.

"தப்புன்னு சொல்லல. அவன் அப்படித்தான். நீ சரியாத்தான் எழுதுத. ஆனா ஒரு பேரு வச்சிருக்கலாம்.

"ஆபரேஷனுக்குப் படுத்தப்போ எனக்கு அதுதான் ஓடிச்சு. கண்ணு போயிட்டா அடுத்த கதையை எப்படிப் படிக்க? யாரையாவது வாசிக்கச் சொல்லணும். யாரைச் சொல்ல? அல்லி வாசிப்பா. எல்லார் குரல்லயும் வாசிப்பா, அந்தப் பயலை விட்டுருவா. அவன்தான் ஒண்ணும் பேசுதது இல்லையே.

"குற்றாலத்துக் கடுதாசி மேஜை மேல கிடந்தப்போ பார்த்தேன். நீ போகணும்னு எனக்கு இருந்துச்சு. 'போயிட்டு வா'ன்னு சொல்லத் தெரியல. 'உன் இஷ்டம்'னுதான் வாயில வரும். இந்நேரம் நீ அங்க இருந்தா நாலு பேரோட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்ப. அதை நினைச்சா நல்லா இருக்கு."

இவ்வளவுதான்க்கா. பாவம், அம்மா நிஜமாவே அங்கதான் இருக்காங்கன்னு அவருக்குத் தெரியாது! இவர் பாட்டுக்குத் தரைகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கார்.

நீங்க ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க? தூசியா? இந்த பஸ் ஸ்டாண்டே தூசிதான்.

நான் என்ன பதில் சொன்னேன்னு கேக்காதீங்க. அதுதான் கேவலம். பன்னெண்டு வாக்கியத்தையும் மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தேன். கேஸ் புக் பண்ணணும், ஃபேனைக் குறைக்கவா, மோர் வேணுமா... ஒண்ணும் பொருந்தல. ஏழு தினுசு 'ம்'மும் பொருந்தல. கடைசியில, "காபி ஆறுது"ன்னேன். அது பதிமூணாவது. அம்மா சொல்லவே மாட்டாங்க அதை. அப்பா, "ம்"னார். காபியைக் குடிச்சார். நான் அடுப்படிக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் ஒரு தடவை கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

நேத்துச் சாயங்காலம் அம்மா போன் பண்ணினாங்க. இருபது நிமிஷம். அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. அருவியில தண்ணி இல்லையாம், ஆனாலும் எல்லாரும் போய்ப் பாறையில உட்கார்ந்து சண்டை போட்டாங்களாம். ஒரு கதையோட முடிவு பத்தி. அம்மா எந்திரிச்சு எதிர்த்துப் பேசினாங்களாம். "பத்தொன்பது பேரும் திரும்பி என்னையப் பார்த்தாங்க அல்லி, நான் நிறுத்தலையே!"ங்கிறாங்க. போனை வச்சதும் அந்தக் குரலைச் செஞ்சு பார்த்தேன். வரல. இப்போ வரைக்கும் வரல. எனக்கு வராத குரல்னு ஒண்ணு எங்க வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு பாருங்க.

அப்புறம் மெதுவா கேட்டாங்க: "அப்பா கண்டுபிடிச்சுட்டாங்களாட்டி?"

"இல்லவே இல்லம்மா! கொஞ்சங்கூட சந்தேகம் வரல. சொதி நல்லா இருக்குன்னு வேற சொன்னாரு"ன்னேன். எவ்வளவு பெருமையா சொன்னேன் தெரியுமா?

அம்மா, "ம்"னாங்க.

அது அந்த ஏழுல இல்லக்கா. எட்டாவது. நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. உடனே போனை வச்சுட்டாங்க.

இப்போ சொல்லுங்க. சொல்லலாமா, கூடாதா? சொன்னா, "என்கிட்ட சொன்னதை நீ ஏன் வாங்கினே"ன்னு அம்மா கேப்பாங்க. அடுத்தவங்களுக்கு வந்த கடுதாசியைப் பிரிச்ச மாதிரிதானே? அதோட எல்லாம் வெளிய வரும். அப்பாவுக்கும் தெரிஞ்சுடும், அவர் இனிமே இந்த ஜென்மத்துல வாயைத் திறக்க மாட்டார். சொல்லாம விட்டா, அம்மா அந்த எட்டாவது 'ம்'மோட வீட்டுக்குள்ள நுழைவாங்க. அடுத்த கதையில அந்த ஆளை முதல் பத்தியிலயே கொன்னுடுவாங்க. அதையும் அப்பா ஜங்ஷன்ல காசு கொடுத்து வாங்கிப் படிப்பார். என்னக்கா இது, ரெண்டு பக்கமும் நானே மாட்டிக்கிட்டேன்.

அதோ, அது தென்காசிதான்! பாருங்க, திரும்புது! எந்திரிங்க, எந்திரிங்க. அங்க கூரை இல்ல, வெயில்ல நிக்காதீங்க, இந்தக் குடைக்குள்ள வாங்க. பெருசுதான், ரெண்டு பேர் தாராளமா நிக்கலாம். அப்பாவோடது. கிளம்பும்போது நான் அம்மா குரல்ல, "கொத்தமல்லி வாங்கிட்டு வாரேன், அல்லியும் கூட வாரா"ன்னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டினேன். அப்பா உள்ள இருந்து, "குடையை எடுத்துட்டுப் போங்க, பஸ் ஸ்டாண்டுல நிழலே இருக்காது"ன்னார். நல்லதாப் போச்சு, இல்லேன்னா இந்த வெயில்ல...

என்ன? ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

கொத்தமல்லி வாங்கத்தான்க்கா. தெருமுனைக் கடைக்கு.

பஸ் ஸ்டாண்டுன்னு நான் சொல்லலையே.

இருங்க. இருங்க, இருங்க. நான் சொல்லவே இல்ல. அப்போ அவருக்கு... அப்போ அந்த இருமல்? 'உள்ள வர வேண்டாம்'னது? அய்யோ, அந்தச் சொதி நல்லாவே இல்லையா?

அக்கா, அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில இருந்தே தெரியும். நான்னு தெரிஞ்சுதான் அவ்வளவையும் சொல்லியிருக்கார். என் காதுல ஒண்ணு விழுந்தா அது நிக்காம ஓடும்னு தெரிஞ்சு, அவர் குரல்லயே கொண்டு போய்ச் சேர்ப்பேன்னு தெரிஞ்சு! என்னையவே ஏமாத்திட்டார்! ஊரையே ஏமாத்துற என்னைய, குப்புறப் படுத்துக்கிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டே ஏமாத்திட்டார் அக்கா!

எவ்வளவு கெட்டிக்காரத்தனம். முடியாது. நான் கொண்டு போய்ச் சேர்க்க மாட்டேன். பதினேழு வருஷமா அவர் பேசாததுக்கெல்லாம் நான் என்ன ஒலிபெருக்கியா? அவர் வாயி அவருக்கு இருக்கு.

சிரிக்காதீங்க, நான் சொல்றதைக் கேளுங்க. நேரே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பையை வாங்கி வைக்கிறேன். அந்த ரெண்டு பெஞ்சுக்கு அடியில, தரையில, ஒரு பாயை விரிச்சு அம்மாவை மல்லாக்கப் படுக்கப் போடுறேன். அவர் மேல குப்புற, இவங்க கீழ மல்லாக்க. நடுவுல ரெண்டடி. தரையைப் பார்த்தாத்தானே அவருக்குப் பேச்சு வரும்? பார்க்கட்டும். பேசட்டும். நான் அடுப்படியில கதவைச் சாத்திக்கிட்டு நிஜமாவே பாத்திரம் கழுவுறேன்.

அதோ, இறங்குறாங்க. பச்சைச் சேலை, கையில பை. எப்படி நிமிர்ந்து நடக்கிறாங்க பாருங்க, நான் இப்படிப் பார்த்ததே இல்ல. வர்றேன்க்கா. நாகர்கோவில் வண்டி அங்க, அந்தக் கடைசியில நிக்குது, ஓடுங்க.

என்னது? காரணம் சொல்லாம பெஞ்சுக்கு அடியில எப்படிப் படுப்பாங்கன்னா கேக்கிறீங்க?

ஒரு கதைக்காகன்னு சொன்னா படுத்துடுவாங்க.